விருந்தாளிக் குடம்

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அடுப்படி மூலையில் ஒரு எவர்சில்வர் குடம் இருக்கும். மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் கவிழ்த்து வைத்த டம்ளர். வீட்டு மனிதர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். காய்ச்சலில் கிடப்பவர் கேட்டால்கூட, "உனக்கு இன்னா வந்துச்சி, வூட்டு ஆள்தான நீ" என்று பதில் வரும். அதற்குப் பெயர் விருந்தாளிக் குடம். அதிலிருப்பது மலையடிவாரத்து மாந்தோப்புக் கிணற்றுத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு போய் மிதித்துக் கொண்டுவருவார்கள்.

நாங்கள் குடிப்பது, குளிப்பது, சமைப்பது எல்லாம் தெரு அடிபம்பில். ஆம்பூருக்கு வெளியே, பாலாற்று மணலுக்கும் தோல் பதனிடும் டேனரிகளின் பின்சுவருக்கும் நடுவில் எங்கள் தெரு. பம்பை அடித்தால் தண்ணீர் பளிச்சென்றுதான் வரும். பத்துப் பாத்திரம் துலக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மஞ்சளாகி இருக்கும், மேலே ஒரு ஏடு படிந்திருக்கும். நாக்கில் வைத்தால் உப்பு, தொண்டையில் இறங்கினால் கசப்பு. தெருமுனை டீக்கடை பாய் அதற்கும் ஒரு லாபம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "நம்ம தண்ணிக்கு டீத்தூள் கம்மியா போட்டாப் போதும்மா. கலர் அதுவே குடுக்குது." எதிர்வீட்டு அக்கா சொல்வார்: "பருப்ப அடுப்புல வெச்சா, வேகறது பருப்பு இல்ல, நான்தான்." எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. மீதிப் படிப்பை இந்த வாய்களிடம்தான் படித்தேன்.

விருந்தாளிக் குடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வந்தவருக்கு நல்ல தண்ணீர் கொடுப்பது பெரிய விஷயமில்லை. அது தனித் தண்ணீர் என்று அவருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும். தெரிந்துவிட்டால் அடுத்த மடக்கு அவருக்கு எப்படி இறங்கும்? அதனால் யாராவது, "உங்க ஊர்த் தண்ணி நல்லா இருக்கே" என்று சொன்னால், "ஆமா, எல்லாம் ஆண்டவன் புண்ணியம்" என்று சொல்லிச் சிரிப்போம். சிரித்துவிட்டு, அவர் போன பிறகு பம்பை அடித்துக் குடிப்போம். மானம் என்பது சிலருக்கு வேட்டி துண்டில் இருக்கும், எங்களுக்குக் குடத்தில் இருந்தது.

இதற்காக யாரைத் திட்டுவது என்பதும் குழப்பம். எனக்கு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிள். இடது காலும் வலது காலும் ஒரே நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்து ஜோடி சேர்ப்பது வேலை. அக்காவின் பையனுக்கு டேனரியில் பினிஷிங் பிரிவு. பாய் கடைக்கு டீ குடிக்க வருபவர்கள் எல்லாரும் ஷிப்ட் விட்டு வருபவர்கள். தண்ணீரைக் கெடுத்ததும் தோல்தான், அந்தத் தண்ணீரில் சோறு வைக்க அரிசி வாங்கித் தந்ததும் தோல்தான். அதனால் நாங்கள் முதலாளியைத் திட்டாமல், சர்க்காரைத் திட்டாமல், பம்பையே திட்டிக்கொண்டிருந்தோம். அது திருப்பித் திட்டாது.

அந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புருஷன் போய்ச் சேர்ந்தபின் ஒற்றை ஆளாக ஒரே பையனை வளர்த்தவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரி ஐயர் ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, "அது எந்தப் பக்கம் பைப்பாம், கேட்டுச் சொல்லு" என்று என் காதைக் கடிப்பார். பையன் தங்கமானவன். பீடி, சிகரெட் கிடையாது. வேலை நிரந்தரம், பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேன் கட்டிக்கொண்டு மாந்தோப்புக்குப் போவது அவன்தான். எங்கள் வீட்டுக் கேனையும் சேர்த்துக் கட்டிக்கொள்வான்.

அப்படிப்பட்ட பையனுக்குப் பெண் அமையவில்லை. எங்கள் பக்கம் அப்போது பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால் முதலில் சம்பளம் கேட்பதில்லை, தண்ணீர் கேட்பார்கள். முதலில் வந்தவர்களுக்கு அக்கா குடத்துத் தண்ணீரைக் கொடுத்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் சித்தி பின்பக்கம் கால் கழுவப் போய், கழுவின கையோடு வாயும் கொப்பளித்துவிட்டார். திரும்பி வந்தவர் முகத்தில் கல்யாணம் முடிந்துபோயிருந்தது. இரண்டாவது வந்தவர்கள் இன்னும் விவரம். வீட்டுக்கு வருமுன்பே பாய் கடையில் டீ குடித்துவிட்டார்கள். தெருவுக்குள் நுழையவே இல்லை, அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள்.

"பாய், நீங்க ஒரு டீல என் மருமவள கலைச்சிட்டீங்க" என்றார் அக்கா.

"நான் இன்னா பண்றதுக்கா. பால் கூட ஜாஸ்தி ஊத்தினேன். அது திரிஞ்சி காட்டிக் குடுத்திடுச்சி" என்றார் பாய்.

மூன்றாவதாக வந்தவர்கள் காவேரிப்பாக்கத்துக்காரர்கள். பெரிய ஏரிக்கரை ஊர். தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவர்கள், தண்ணீர் விஷயத்தில் அவர்களை ஏமாற்ற முடியாது. பெண்ணின் அம்மா வீட்டுக்குள் வராமலே நேராகப் பம்புக்குப் போனார். தானே அடித்தார், தானே உள்ளங்கையில் ஏந்தினார், தானே துப்பினார். அதன் பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆனால் பையனைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. அவன் பேசியதும் பிடித்தது. எழுந்து போகும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணி, எங்களுக்கு உங்க பையன்ல ஒரு கொறையும் இல்ல. இந்தத் தண்ணியில என் பொண்ண குளிக்க வெச்சா அவ தலையில முடி நிக்காது. உங்க தெருவுக்கு நல்ல தண்ணி பைப்பு வருதுன்னா சொல்லி அனுப்புங்க. வர்ற வருஷம் லெந்து நாள் தொடங்கறதுக்குள்ள மூணு ஓலையும் வாசிச்சி முடிச்சிடலாம். அதுக்கு மேல நாங்க நிக்க முடியாது, அவளுக்கு அடுத்து ஒருத்தி இருக்கா."

லெந்து என்னும் தவக்காலத்தில் எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது, அதற்குமுன் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாக வேண்டும். ஆகவே அக்காவின் மருமகள் ஒரு பைப்பின் அந்த முனையில் இருந்தாள். இந்த முனைக்குத் தண்ணீர் வந்தால் அவளும் வருவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊரைச் சந்தோஷப்படுத்த ஒரு திட்டம் வந்தது. மக்களின் நீண்டகால நல்வாழ்வு இலக்குகள் என்று பெயர். தொண்ணூறுகள் முடியும் சமயம். அப்போதெல்லாம் எங்களுக்கு யாராவது ஒரு இலக்கு வைத்துக்கொண்டே இருப்பார்கள். எழுத்தறிவு இயக்கம் வந்து எங்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது. அதன்பின் வந்த எல்லாத் திட்டங்களும் எங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போயின.

பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். கண்ணாடி போட்ட ஒரு சார், சென்னையிலிருந்து வந்த ஒரு மேடம், இரண்டு பேர்தான் திட்டத்துக்காரர்கள். சார் பேசுவார், மேடம் எழுதுவார். மேடம் கர்ப்பிணி. அப்போது பார்த்தவுடன் தெரியாது, உட்கார்ந்து எழுந்திருக்கும்போது தெரியும். பஞ்சாயத்துத் தலைவர் அந்த இரண்டு பேருக்கும் ரோஜா மாலை போட்டார். சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டினார்கள். அதன் தலைப்பில் ஊரக மற்றும் கடலோர மாவட்டத்துக்கு என்று போட்டிருந்தது.

"சார், இங்க கடல் இல்லியே" என்றேன் நான், சந்தேகத்துக்காக.

"தெரியும்மா. இது ரெண்டு வகை மாவட்டத்துக்கும் பொதுவா தயாரிச்சது. கடல் இருக்கறவங்களுக்கு ஒண்ணு, இல்லாதவங்களுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போட முடியாது" என்றார் சார்.

"உப்பு ஏற்கனவே வந்துடுச்சி சார். கடல் மட்டும்தான் பாக்கி, அதுவும் வந்தா வரட்டும்" என்றார் அக்கா. கூட்டம் சிரித்தது. சாரும் சிரித்தார். மேடம் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அப்புறம் கேள்விகள். மீன்பிடித் தடைக்காலத்தில் குடும்பத்துக்கு மாற்று வருமானம் என்ன என்று சார் கேட்டார். பாய் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழம மீன் வண்டி வரலன்னா நாங்க கோழி எடுத்துக்கறோம் சார்." புயல் எச்சரிக்கை வந்தால் எங்கே ஒதுங்குவீர்கள் என்று கேட்டார். "வேற எங்க, ஷிப்ட்டுக்குத்தான். கேட்டு சாத்தறதுக்குள்ள போவலன்னா ஆப்சென்ட் போட்ருவான்" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். சார் எல்லாவற்றையும் மிகப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். எங்களைச் சந்தோஷப்படுத்தாமல் போகக்கூடாது என்று முடிவோடு வந்திருந்தார்.

பிறகு ஊர் வரைபடம். பள்ளிக்கூடத் தரையில் கோலப்பொடியால் நாங்களே எங்கள் ஊரை வரைய வேண்டும். மக்கள் பங்கேற்பு என்று அதற்குப் பெயர். வெள்ளைப் பொடியில் தெரு, சிவப்பில் கோயிலும் மசூதியும், பச்சையில் மாந்தோப்பு. நீலப் பொடி மட்டும் பொட்டலத்தோடு மிச்சம். "நீலத்தையும் எங்கயாவது போடுங்கம்மா. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது" என்றார் சார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பாலாற்றுக்கு நீலம் போட மனசாட்சி ஒப்பவில்லை, அதில் மணல் லாரிதான் ஓடுகிறது. கடைசியில் தெருவில் வருஷம் முழுக்க ஈரமாக இருப்பது எது என்று யோசித்து, டேனரிச் சுவரிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் கால்வாய்மேல் முழுப் பொட்டலத்தையும் கொட்டினோம். அழகாகத்தான் இருந்தது.

கடைசியாக ஒரு ஏணிப் படம். பத்துப் படி. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தார்கள். உங்கள் சந்தோஷம் இன்று எந்தப் படியில் இருக்கிறதோ அங்கே வையுங்கள், இன்னும் இருபது வருஷத்தில் எந்தப் படிக்குப் போக ஆசையோ வாயால் சொல்லுங்கள் என்றார் சார்.

"எங்க வூட்ல படியே இல்ல சார், எல்லாம் தரதான்" என்று யாரோ சொன்னார்.

அக்கா கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இருவது வருஷமா? என் பையனுக்கு இப்பவே முன்னாடி வழுக்க ஏறிடுச்சி சார். எனக்கு ரெண்டு கொட்ட குடுங்க. பைப்பு வந்தா ஒரு படி, வரலன்னா ஒரு படி."

"ஒருத்தருக்கு ஒண்ணுதாம்மா."

"அப்ப நான் அப்பால வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அதற்குப் பின் அக்கா எழுந்து ஊர்க் கதை முழுக்கச் சொன்னார். பம்பு, ஏடு, பருப்பு, சித்தி வாய் கொப்பளித்தது, காவேரிப்பாக்கம், லெந்து நாள், எல்லாம். மேடம் இப்போது வேகமாக எழுதினார். சாருக்கும் மனசு கரைந்துவிட்டது. குடிநீர்தான் உங்கள் முதல் இலக்காக இருக்கும், பைப் லைன் ஏற்கனவே ஹைவே ஓரமாக வரப்போகிறது, அதை எந்தெந்தத் தெருவுக்குள் திருப்புவது என்பதை இந்த இலக்குகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்றார். "ஆனா நேர்ல வந்து பார்த்து எழுதணும். வீட்டுக்கு வந்து குடும்பம் என்ன தண்ணி குடிக்குதோ அதக் குடிச்சுப் பார்த்து எழுதுவோம். மே மாசம் வர்றோம். உங்க வீட்டுக்கே வர்றோம்மா" என்று அக்காவைக் காட்டிச் சொன்னார்.

மே மாதம் பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் ஒரே பேச்சு. அக்கா வீட்டு வாசலில் எல்லாரும் கூடி முடிவெடுத்தோம். யார் வந்து நாக்கு வறண்டு கேட்டாலும் விருந்தாளிக் குடத்தைத் திறக்கக் கூடாது. பம்புத் தண்ணீர்தான். அதுவும் அடித்த உடனே கொடுக்கக் கூடாது, மஞ்சளாகும்வரை பொறுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் சரித்திரத்தில் விருந்தாளிக்குக் கெட்ட தண்ணீர் கொடுப்பதற்காகக் கூடிய முதல் கூட்டம் அது.

"அக்கா, கை தடுமாறிடப் போவுது" என்றார் பாய்.

"என் பையன் கல்யாணம் பாய். எனக்கு இன்னா தடுமாற்றம்" என்றார் அக்கா.

வேலூர் ஜில்லா வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அன்று அது தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டது. ஜீப் தெருவுக்குள் வர வழியில்லாமல் ஹைவேயிலேயே நின்றுவிட, சாரும் மேடமும் நடந்து வந்தார்கள். மார்ச் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்தால் மட்டும் தெரிந்தது, இப்போது தூரத்திலிருந்தே தெரிந்தது. மேடத்தின் முகம் சிவந்து, உதடு வெடித்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாங்கள் தெருவே வாசலில் நின்றோம். நான் ஒரு டம்ளரில் பம்புத் தண்ணீரைப் பிடித்து, நன்றாக மஞ்சளாக்கி, தயாராகக் கையில் வைத்திருந்தேன்.

மேடம் அக்கா வீட்டுப் படியில் கால் வைத்ததும் கண்ணை மூடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, கொஞ்சம் தண்ணி."

அவ்வளவுதான். அக்கா என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். மேடத்தின் வயிற்றைப் பார்த்தார். உள்ளே போனார். தட்டு நகரும் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

மேடம் ஒரு டம்ளரை நின்றபடியே குடித்தார். அக்கா அவரைப் பாயில் உட்காரவைத்து, முந்தானையால் விசிறி, இரண்டாவது டம்ளர் கொடுத்தார். பாதி குடித்தபின்தான் மேடத்துக்கு உயிர் வந்தது. சிரித்தார். "ரொம்ப இனிப்பா இருக்கும்மா. நீங்களும் இதான குடிக்கிறீங்க?"

தெருவே வாசலிலிருந்து அக்காவின் வாயைப் பார்த்தது. இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் மேடத்தின் கையில் பாதி டம்ளர் மிச்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அந்தப் பாதி அவருக்கு இறங்காது.

"ஆமாம்மா" என்றார் அக்கா. "இதான். குடிங்க."

நான் முன்னால் போய் என் மஞ்சள் டம்ளரை நீட்டினேன். "சார், இதுதான் சார் எங்க தண்ணி."

சார் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது பாத்திரம் கழுவவா?"

"குடிக்கத்தான் சார்."

"அப்ப அந்தக் குடம்?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா தரையைப் பார்த்தார். "அதுவும் குடிக்கத்தான் சார்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. வீட்டுக்காரங்க எது குடிக்கிறாங்கன்னுதான் கேள்வி. அக்கம்பக்கத்துல சொல்றத நான் எழுத முடியாது."

மேடம் இன்னும் குடித்துக்கொண்டிருந்தார். அவர் குடித்து முடிக்கும்வரை அக்கா வாயைத் திறக்கவில்லை. முடித்த பிறகு சொல்லத் தொடங்கினார், மாந்தோப்பு, சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை என்று. சார் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப பக்கத்துலயே நல்ல நீராதாரம் இருக்கு, மக்கள் அதப் பயன்படுத்தறாங்க" என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டார். மேடம் போகும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பிறந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

ஹைவேயில் ஜீப் கிளம்பிப் போனதும் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினோம். பினிஷிங் பிரிவிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்திருந்த பையன் மட்டும் சுவரில் சாய்ந்து சும்மா நின்றான். அவன் மிதித்துக் கொண்டுவந்த தண்ணீர்தான் அது.

"ஒரு டம்ளர்ல முழு பைப் லைனையும் ஊத்திட்டீங்களேக்கா" என்றார் பாய்.

"வயித்துப்புள்ளக்காரி பாய். அந்தக் கருமத்த அவ வாயில ஊத்தச் சொல்றீங்களா. என் மருமவ வரணும்னு ஊர்ல எவ மருமவளுக்கோ வெஷம் குடுக்கவா" என்றார் அக்கா. அதற்குப் பின் கொஞ்சம் தணிந்து, "சார் படிச்சவரு. அவருக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார்.

சாருக்குப் புரிந்ததைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் புத்தகமாகப் போட்டார்கள். வழவழப்பான தாள். அட்டையில் சூரிய உதயம், கடல், ஒரு கட்டுமரம். தலைவர் ஒரு பிரதியைப் பஞ்சாயத்து ஆபீஸில் வைத்திருந்தார். தெருவுக்காக நான்தான் உட்கார்ந்து வாசித்துச் சொன்னேன். எங்கள் கோலப்பொடி வரைபடம் கலரில் வந்திருந்தது. டேனரிக் கால்வாய் நல்ல நீலத்தில், நீர்நிலை என்ற பெயரோடு ஓடியது. குடிநீர் என்ற கட்டத்தில் எங்கள் தெருவுக்கு நேராக, இலக்கு எட்டப்பட்டது என்றிருந்தது. இனிமேல் எட்ட வேண்டியதாக எங்களுக்கு மிச்சமிருந்தது புயல் விழிப்புணர்வு மட்டும்தான்.

ஹைவே ஓரமாகப் பைப் வந்தது. பள்ளம் தோண்டி, நீல நிறக் குழாயை இறக்கி, எங்கள் தெருமுனையில் பாய் கடைக்கு முன்னால் வந்து, திரும்பாமல் நேராகப் போய்விட்டது. நாங்கள் ஓடிப்போய்த் தலைவரைக் கேட்டோம். அவரும் மேலே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "எட்டின எலக்க திரும்பவும் எட்ட முடியாதுன்றாங்கம்மா. எட்டாதவங்களுக்கே பத்தல. அடுத்த தபா பார்க்கலாம்." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. தெருமுனையில், பைப் திரும்பாமல் போன அதே இடத்தில், மஞ்சள் பெயிண்டில் ஒரு போர்டு நட்டார்கள். நல்வாழ்வு இலக்கை அடைந்த பகுதி என்று எழுதியிருந்தது. பாய் அதில் சாய்த்து வைத்துத்தான் பால் கேன் கழுவுவார்.

போர்டு நட்டபோது லெந்து நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா காவேரிப்பாக்கத்துக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. ஆனால் நல்ல சேதிக்குக் கால் ஜாஸ்தி. பெண்ணின் அப்பா எங்கள் ஊர்ப் பெயரைப் பேப்பரில், இலக்கு எட்டிய ஊர்களின் பட்டியலில் பார்த்துவிட்டாராம். ஒரு சனிக்கிழமை யாரும் எதிர்பார்க்காமல் புருஷனும் பெண்டாட்டியும் வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு வந்து இறங்கிவிட்டார்கள். தெருமுனையில் போர்டைப் படித்து, அது போதாமல் அதைத் தொட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள்.

எனக்கு அன்று லீவு. அக்கா கூப்பிட்டு, "நீ கூட இரு" என்றார். பெண்ணின் அம்மா இந்த முறை பம்புப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கவர்மெண்டே எழுதிட்டாங்க, இனிமே நான் எதுக்கு அண்ணி சோதிக்கணும். பஸ்ஸுல வந்தது தொண்ட காயுது. ஒரு டம்ளர் குடுங்க, குடிச்சிட்டு ஓலைக்கு நாள் பார்ப்போம்."

அக்கா எழுந்தார். எனக்கு உள்ளே நிம்மதி. அப்பாடா, ஆயிரம்தான் கேலி பேசினாலும் அந்தப் போர்டு ஒரு கல்யாணத்தையாவது நடத்தி வைக்கப் போகிறது என்று நினைத்தேன். குடத்தில் தண்ணீர் நிறைய இருந்தது. மூணு ஓலை வாசித்து மோதிரம் மாற்றியபின் மருமகள் பம்பை அடித்துப் பார்த்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன. எங்கள் தெருவுக்கு வாழ வந்த நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வந்து, அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

அக்கா குடத்தைத் தாண்டி நடந்தார். வாசலில் எங்கள் அன்றாடத் தண்ணீர் வைத்திருந்த பிளாஸ்டிக் குடத்தில் ஒரு டம்ளர் மொண்டு, துடைத்து, அந்த அம்மாவின் கையில் கொடுத்தார்.

அவர் ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கினார். டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"இததான் உங்க பொண்ணு குடிக்கணும்" என்றார் அக்கா. "போர்டு எழுதினவங்களுக்கு ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டேன். அவங்க வந்தாங்க, குடிச்சாங்க, போய்ட்டாங்க. உங்க பொண்ணு போகமாட்டா இல்ல."

பெண்ணின் அப்பா பழத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துக்கொள்வதா, விட்டுவிட்டுப் போவதா என்று அவருக்குப் புரியவில்லை. பெண்ணின் அம்மா டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டார்:

"அப்ப பையன எங்க ஊருக்கு அனுப்புவீங்களா அண்ணி? ராணிப்பேட்டைல டேனரிங்க இருக்குது, எங்க சபைல மேனேஜர் ஒருத்தர் இருக்காரு. எங்க வூட்டு மாடி ரூமு காலியாத்தான் கெடக்குது."

எங்கள் பக்கத்தில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நாலு தெரு தள்ளிப் போய்ச் சிரிப்பார்கள். அக்காவுக்கு இருப்பது ஒரே பிள்ளை. எழுந்து உள்ளே போனார். வெறும் அடுப்படியில் சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒருத்திய இங்க கொண்டாந்து கெடுக்கறதுக்கு, ஒருத்தன இங்கிருந்து அனுப்பறது லாபம்தான்" என்றார். "நாள் பாருங்க."

அதன் பிறகுதான் விருந்தாளிக் குடத்தைத் திறந்து இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார். முதல் தடவையாக அது எங்கிருந்து வந்தது என்றும் சொன்னார். சொல்லியும் அவர்கள் குடித்தார்கள்.

லெந்துக்கு முந்தின வாரம் கல்யாணம் நடந்தது. பாய் பந்திக்கு நின்று பிரியாணிச் சட்டியைத் தானே கவனித்தார். தண்ணீர் மட்டும் காவேரிப்பாக்கத்துக்காரர்கள் லாரியில் கொண்டுவந்தார்கள். சீர்வரிசையில் தண்ணீர் வந்த கல்யாணம் ஜில்லாவிலேயே அதுதான் என்று பாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகும் நாங்கள் பலமுறை நல்வாழ்வு அடைந்தோம். புதுப்புது ஆட்கள் வந்து புதுப்புது சார்ட் ஒட்டினார்கள். ஒரு தடவை, இந்தத் தெருவில் இளைஞர்கள் ஏன் குறைகிறார்கள் என்று ஆராய வந்தார்கள். அக்கா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, காரணம் என்ற இடத்தில் திருமணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். தப்பில்லை, உண்மைதான். மேடத்துக்கு ஆண் குழந்தை பிறந்த சேதியும் வந்தது. அக்கா அன்று கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்.

பையன் மாதம் ஒருமுறை ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கி வருவான். கையில் ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீர் கேன் இருக்கும். ஒரு தடவை அவன் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். வந்ததும் வழக்கம்போல் கேனைச் சாய்த்து விருந்தாளிக் குடத்தை நிரப்பினான். மூடி வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வாசல் பிளாஸ்டிக் குடத்தில் டம்ளரை விடப் போனான். அக்கா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். தட்டை நகர்த்தி, அவன் இப்போதுதான் ஊற்றிய தண்ணீரையே மொண்டு நீட்டினார்.

"இன்னாம்மா இது. நான் வூட்டு ஆள்தான?"

"கம்முனு குடி" என்றார் அக்கா. "உனக்கு அஞ்சரைக்கு வண்டி இருக்குது இல்ல."

அவன் என்னைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். அவன் குடித்து முடிக்கும்வரை அக்கா பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டே இருந்தார். அவன் ஸ்டேஷனுக்குப் போன பிறகு, பிளாஸ்டிக் குடத்தில் ஒரு டம்ளர் மொண்டு தான் குடித்துவிட்டு, எனக்கும் ஒன்று கொடுத்தார்.